பெட்டி எங்கே, காவலர் யார், பாதை எது? – கலப்பு முறை மின்னஞ்சலில் தோன்றும் நுழைவுச் சிக்கல்கள்

கடிதம் வந்து சேராவிட்டால் தபால்காரரையும், பெட்டி திறவாவிட்டால் திறவுகோலையும் குறை கூறுவது மனித இயல்பு. குற்றம் எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கு முன்பே அதை எவர் தலையிலேனும் ஏற்றிவிட்டால் மனத்துக்கு ஓர் ஆறுதல் உண்டாகிறது. அந்த ஆறுதலால் கடிதம் வந்துவிடுவதில்லை; பெட்டியும் திறப்பதில்லை. இன்று நிறுவனங்களில் வழங்கிவரும் மின்னஞ்சலில் இவ்வுண்மையை நாள்தோறும் காண்கிறோம். அலுவலகங்களில் பணிபுரியும் அன்பர்களுக்குப் பயன்படும் என்று கருதி இதனை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு மாதத்தின் ஐந்தாம் நாள் மாலையில் எங்கள் தோட்டத்து ஆபிஸ் கிராணி பள்ளிக்கு வந்தார். ஐம்பதைக் கடந்தவர், முப்பது ஆண்டுகளாகப் பேரேடு எழுதிப் பழகிய கை. அவருடைய கடைசி மகன் எங்களிடம் ஐந்தாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தான். மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் தொழிலாளர்க்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். தோட்டத்துச் சம்பளப் பட்டியல் கிராணியின் மின்னஞ்சல் வழியாகவே வட்டார அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் விதி. அவருக்கோ இரண்டு நாளாக மின்னஞ்சல் பெட்டி திறக்கவில்லை.

“ஐயா, கடவுச்சொல்லை மூன்று தடவை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். மாற்றினால் இரண்டொரு நிமிடம் திறக்கிறது. பட்டியலை இணைப்பதற்குள் மறுபடியும் பூட்டிக்கொள்கிறது. அதே சொல்லைப் போட்டு மேகக் கணினிப் பக்கத்திலே நுழைந்தால் தாராளமாக உள்ளே விடுகிறது; ஆனால் அங்கே பெட்டியைக் காணோம். கணினி தெரியாத ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மேலே பேசிக்கொள்கிறார்களாம்” என்றார். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்துவிட்டது.

நான் கணினி வல்லுநன் அல்லன். ஆயினும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஆறாம் ஆண்டு படித்த மாணவி ஒருத்தி இன்று வேறொரு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் இப்பணியையே செய்கிறாள். அவளைத் தொலைபேசியில் அழைத்தேன். அவள் கடவுச்சொல்லைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. “பெட்டி எங்கே இருக்கிறது ஐயா? அவரை இன்னார் என்று சோதிப்பது எந்தக் காவலர்? போகிற பாதை திறந்திருக்கிறதா?” என்று மூன்று வினாக்களையே கேட்டாள். அன்று அவளிடமும், பின்னர் படித்தும் நான் அறிந்துகொண்டவற்றை முறையாகக் கூறுகிறேன்.

கலப்பு முறை என்பது யாது?

முன்னாளில் ஒரு நிறுவனத்தின் மின்னஞ்சல் முழுவதும் அதன் சொந்தக் கட்டடத்திலேயே ஒரு சர்வரில் இருந்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1996-ஆம் ஆண்டு முதன்முதலாக வெளியிட்ட எக்ஸ்சேஞ்ச் சர்வர் இவ்வகையில் பெயர் பெற்றது. 2011-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அதே நிறுவனம் ஆபிஸ் 365 என்னும் சேவையைத் தொடங்கியது. இதில் சர்வர் நம்முடையதன்று. மைக்ரோசாஃப்ட் நடத்தும் கணினிக் கூடங்களில் உள்ளது. இவ்வாறு பிறர் இடத்துக் கணினிகளை இணையத்தின் வழியே வாடகைக்குப் பயன்படுத்துவதையே மேகக் கணினி என்கிறோம்.

பெரிய நிறுவனம் ஒரே நாளில் குடிபெயர்ந்துவிட முடியாது. ஆகவே சிலருடைய பெட்டிகள் பழைய சர்வரிலும், சிலருடைய பெட்டிகள் மேகத்திலுமாக இருக்கும். இரண்டையும் இணைத்து ஒரே நிறுவனமாகக் காட்டும் ஏற்பாடே கலப்பு முறை. எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 ஆகிய பதிப்புகளுக்கு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் சந்தா முறையிலான புதிய பதிப்பு வந்தது. ஆதலின் கட்டடத்துச் சர்வரும் மேகமும் சேர்ந்து வாழும் இந்நிலை இன்னும் சில காலம் தொடரும்.

இதனைத் தோட்டத்து எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஒரு தோட்டத்தில் பாதிக் குடும்பங்கள் பழைய லயத்தில் இருக்கின்றன; மீதிக் குடும்பங்கள் சாலையோரத்தில் கட்டிய புது வீடுகளுக்குப் போய்விட்டன. கடித உறையிலோ எல்லாருக்கும் தோட்டத்தின் பெயர் ஒன்றே. முனியாண்டிக்கு வந்த கடிதத்தை லயத்துக்கு அனுப்புவதா, புது வீட்டுக்கு அனுப்புவதா என்பதைத் தோட்டத்து ஆபிஸ் பேரேட்டைப் பார்த்தே அறிய வேண்டும். பேரேட்டில் குறிப்புப் பழையதாயிருந்தால் கடிதம் வழி தவறும். முனியாண்டி மீது குற்றமில்லை. கடிதம் எழுதியவர் மீதும் குற்றமில்லை.

முதல் வினா: பெட்டி எங்கே?

அவுட்லுக் போன்ற அஞ்சல் செயலியில் நாம் முகவரியை எழுதியவுடன், இவருடைய பெட்டி எந்தச் சர்வரில் உள்ளது என்று அது தேடிச் செல்கிறது. இத்தேடலுக்கு ஆட்டோடிஸ்கவர் என்று பெயர். நிறுவனத்தின் ஆளுகைக்குட்பட்ட அலுவலகக் கணினியானால், அங்குள்ள ஆக்டிவ் டைரக்டரி என்னும் பதிவேட்டில் வழிக்குறிப்பு இருக்கும். வெளியிலிருந்தால், நிறுவனத்தின் இணையப் பெயரையும், அதன் முன்னே ஆட்டோடிஸ்கவர் என்னும் சொல்லைச் சேர்த்த பெயரையும் தட்டிப் பார்க்கும். புதிய அவுட்லுக் பதிப்புகள் மைக்ரோசாஃப்ட் மேகத்தையும் தாமாகவே விசாரிக்கும்.

கலப்பு முறையில் பழைய சர்வரில் இன்னும் பெட்டிகள் இருக்கும்வரை, இந்த வழிகாட்டிப் பெயர் பழைய சர்வரையே சுட்ட வேண்டும். மேகத்துக்குப் போய்விட்டவரை அது, “நீர் அங்கே செல்க” என்று திருப்பி அனுப்பும். அவ்வாறு திருப்புவதற்காக, இடம் மாறிய ஒவ்வொருவர் பெயரிலும் மேகத்து முகவரி ஒன்று பதிவாகியிருக்கும். குடிபெயர்வு முடியும் முன்பே எவரேனும் ஆர்வ மிகுதியால் வழிகாட்டிப் பெயரை மேகத்தின் பக்கம் திருப்பிவிட்டால், பழைய சர்வரில் உள்ளோர் வழியின்றி நிற்பர். திருப்பு முகவரி பதிவாகாமல் விடுபட்டால், புதிய இடத்துக்குப் போனவர் நிற்பர்.

இவ்வினாவின்கீழ் அடிக்கடி காணும் குறைகள் மூன்று.

முதலாவது, இடம் மாறிய பின்னும் கணினியில் பழைய வழிக்குறிப்பே தங்கியிருத்தல். உலாவியில் அஞ்சல் திறக்கிறது, அவுட்லுக்கில் மட்டும் திறக்கவில்லை என்றால் இதனை ஐயுறலாம். அவுட்லுக்கில் புதிதாக ஒரு சுயவிவரம் அமைத்துப் பார்த்தால் உண்மை புலனாகும்.

இரண்டாவது, நிறுவனத்தின் விளம்பர வலைத்தளத்தை வேறொருவர் இடத்தில் வைத்திருத்தல். அந்தத் தளம், தன்னைத் தட்டிய அவுட்லுக்கிடம் தனக்குத் தொடர்பில்லாத கடவுச்சொல்லைக் கேட்கும். அல்லது வேறு பெயருள்ள சான்றிதழைக் காட்டும். பயனர் தம் சொல்லை எத்தனை முறை எழுதினாலும் பயனில்லை. கேட்பவர் அவர் வீட்டுக் காவலரே அல்லர்.

மூன்றாவது, ஒரே பெயரில் இரு பெட்டிகள் உண்டாதல். பழைய பெட்டியின் அடையாள எண் மேகத்துக்குப் போய்ச் சேராத நிலையில், அவர்க்கு மேகத்தில் உரிமம் வழங்கினால் அங்கே வெறும் பெட்டி ஒன்று புதிதாகத் தோன்றிவிடும். பின்னர்ச் சிலர் அனுப்பும் கடிதம் ஒன்றிலும், வேறு சிலர் அனுப்புவது மற்றொன்றிலும் விழும். பயனர் உள்ளே நுழைந்துவிடுவார். ஆனால் பாதிக் கடிதங்களைக் காணமாட்டார். நுழைவு மறுக்கப்படுவதைவிட இது கொடிது. ஏனெனில் குறை இருப்பதே நெடுநாள் தெரியாது.

சோதிக்கும் முறையையும் கூறுவோம். பழைய வகை அவுட்லுக்கில், கணினியின் கடிகாரத்துக்கு அருகிலுள்ள அவுட்லுக் குறியைக் கண்ட்ரோல் விசையை அழுத்தியவாறு வலப்பக்கம் சொடுக்கினால், இணைப்பு நிலையைக் காட்டுவதும் ஆட்டோடிஸ்கவரைச் சோதிப்பதுமான இரு கட்டளைகள் தோன்றும். எந்தச் சர்வரோடு பேசுகிறது என்பதை அங்கே கண்ணாற் காணலாம். வெளியிலிருந்து சோதிப்பதற்கு மைக்ரோசாஃப்ட்டின் ரிமோட் கனெக்டிவிட்டி அனலைசர் என்னும் வலைப்பக்கம் உண்டு.

இரண்டாம் வினா: காவலர் யார்?

பெட்டியின் இடம் தெரிந்தது. இனி, “நீர் யார்?” என்று கேட்பவர் எவர் என்பதை அறிதல் வேண்டும். கட்டடத்துச் சர்வருக்கு ஆக்டிவ் டைரக்டரி காவல் நிற்கிறது. மேகத்துக்கு மைக்ரோசாஃப்ட் என்ட்ரா காவல் நிற்கிறது. 2023-ஆம் ஆண்டுக்கு முன் அதற்கு அஷூர் ஆக்டிவ் டைரக்டரி என்று பெயர். இவ்விரு காவலர்க்குமிடையே செய்தி பரிமாறும் முறைகள் மூன்று.

ஒன்று, கடவுச்சொல்லினின்று கணக்கிட்ட ஓர் அடையாளத்தை மட்டும் மேகத்துக்கு அனுப்பி வைத்தல். இம்முறையில் மேகத்துக் காவலர் தாமே சோதித்து முடிவு செய்வார். இரண்டு, மேகத்தில் எழுதிய சொல்லைக் கட்டடத்துக் காவலரிடம் உடனுக்குடன் அனுப்பிக் கேட்டல். மூன்று, பயனரையே நிறுவனத்தின் சொந்த நுழைவுப் பக்கத்துக்குத் திருப்பிவிடுதல். பின்னிரண்டு முறைகளிலும் கட்டடத்தில் மின்சாரமோ இணையமோ தடைப்பட்டால், பெட்டி மேகத்திலேயே இருந்தாலும் புதிதாக நுழைய இயலாது. முதல் முறையில் அத்தடை இல்லை.

முதல் முறையில் புதிய கடவுச்சொல்லின் அடையாளம் ஏறக்குறைய 2 நிமிடத்துக்கு ஒரு முறை மேகத்துக்குப் போகிறது. பெயர் மாற்றம், முகவரி மாற்றம் போன்றவை வழக்கமாக 30 நிமிடத்துக்கு ஒரு முறை போகின்றன. இதனை அறியாதவர் மாற்றிய மறுகணமே முயன்று, தோற்று, மறுபடியும் மாற்றி, மறுபடியும் தோற்று மனம் சோர்வர். விதைத்த அன்றே கிழங்கைத் தோண்டிப் பார்க்கும் பிள்ளையின் செயலை ஒத்தது இது.

பயனர் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் வேறாயிருத்தலும் உண்டு. கட்டடத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் ‘லோக்கல்’ என்று முடியும் பெயர்களைப் பல நிறுவனங்கள் முற்காலத்தில் வைத்துக்கொண்டன. அப்பெயரை மேகம் ஏற்காது. வேறொரு பெயரைத் தானே இட்டுவிடும். பயனரோ தம் மின்னஞ்சல் முகவரியையே எழுதிக்கொண்டிருப்பார்.

நுழைவு மறுக்கப்படும்போது மேகத்துப் பக்கத்தில் ஓர் எண் தோன்றும். பலர் அதனைப் படிக்காமலே மூடிவிடுகின்றனர். அந்த எண்ணே குற்றவாளியின் பெயர். 50034 என்றால் அப்பெயருடைய பயனர் பதிவேட்டில் இல்லை. 50126 என்றால் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ பிழை. 50055 என்றால் கடவுச்சொல்லின் காலம் முடிந்துவிட்டது. 50057 என்றால் கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. 50053 என்றால் பலமுறை தவறியதால் கணக்குப் பூட்டப்பட்டது, அல்லது ஐயத்துக்குரிய இடத்திலிருந்து முயற்சி வந்தது. 50076 என்றால் கைப்பேசி வழியாக இரண்டாம் சான்று தேவை. இவ்வாறினுள் கடவுச்சொல்லைப் புதிதாக்குவதால் தீர்வன இரண்டே. ஏனையவற்றுக்கு அது மருந்தாகாது.

கேட்கும் பெட்டியின் தோற்றமும் ஒரு சான்று. வலைப்பக்கம் போன்ற நுழைவுப் பக்கம் தோன்றினால் புதிய முறையில் கேட்கிறது என்று பொருள். விண்டோஸின் சிறிய பெட்டி தோன்றித் திரும்பத் திரும்பக் கேட்டால் பழைய முறையில் கேட்கிறது என்று பொருள். ஒவ்வொரு முறையும் பெயரையும் கடவுச்சொல்லையும் நேரே அனுப்பும் அப்பழைய முறையை, மேகத்து மின்னஞ்சலில் 2022 அக்டோபர் 1 முதல் மைக்ரோசாஃப்ட் படிப்படியாக நிறுத்தியது. அவுட்லுக் 2010 புதிய முறையை அறியாது. 2013-க்குத் தனி அமைப்புச் செய்ய வேண்டும். 2016 முதலானவை இயல்பாகவே அறியும். ஆகவே பழைய செயலி வைத்திருப்பவர் பெட்டி மேகத்துக்கு மாறிய நாளன்றே நுழைவை இழப்பார். அவர் கடவுச்சொல்லை மறந்துவிட்டார் என்று சொல்வது பழி.

இன்னும் சில சிறு காரணங்கள் உள. விண்டோஸில் கிரிடென்ஷியல் மேனேஜர் என்னும் பகுதியில் பழைய கடவுச்சொல் சேமித்திருத்தல். பயனர் புதிய கைப்பேசி வாங்கியபோது இரண்டாம் சான்று தரும் செயலியை அதற்கு மாற்றாது விடுதல். கடிகாரம் பிசகுதல் ஆகியன அவை. கட்டடத்துக் காவலர் கணினியின் கடிகாரத்துக்கும் தம் கடிகாரத்துக்கும் 5 நிமிடத்துக்கு மேல் வேறுபாடு இருப்பின், வழக்கமான அமைப்பில் நுழைவுச் சீட்டுத் தரமாட்டார். கைப்பேசியில் தோன்றும் ஆறு இலக்க எண்ணோ பெரும்பாலும் 30 வினாடிக்கு ஒரு முறை மாறுவது. அங்கும் நேரம் பிசகினால் எண் பிசகும்.

மூன்றாம் வினா: பாதை எது?

பெட்டியும் உண்டு, காவலரும் ஒப்புகிறார், ஆயினும் தொடர்பு அறுகிறது எனின் பாதையைப் பார்க்க வேண்டும். செயலிக்கும் சர்வருக்கும் இடையே 443 என்னும் துறைவழியாகவும், சர்வர்க்கும் சர்வர்க்கும் இடையே 25 என்னும் துறைவழியாகவும் போக்குவரத்து நடக்கிறது. அலுவலகத்தின் காப்பரண் இவற்றை மறித்தாலோ, உள்ளே செல்லும் மறைமொழியைப் பிரித்துச் சோதித்தாலோ தொடர்பு அறும்.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. அலுவலக வைஃபையை விட்டுக் கைப்பேசியின் இணையத்தில் இணைத்துப் பாருங்கள். அப்போது திறந்தால் பெட்டியிலும் காவலரிடத்திலும் குறையில்லை. அலுவலகப் பாதையில்தான் குறை. வி.பி.என். பயன்படுத்துவோர் அதனை இணைத்தும் துண்டித்தும் பார்க்கலாம்.

சர்வரின் சான்றிதழ் காலாவதியாதல் எல்லாரையும் ஒரே காலையில் தாக்கும் குறை. பொது வழக்கிலுள்ள சான்றிதழ்கள் 2020 செப்டம்பர் முதல் 398 நாளுக்கு மேல் செல்லா என்று வரையறுத்தனர். 2026 மார்ச் 15 முதல் வழங்குவனவற்றுக்கு 200 நாள் என்றும், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்றும் அவ்வரையறை குறுகிச் செல்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை நினைவாகப் புதுப்பித்து வந்த பொறுப்பாளர்கள் இனி நினைவை நம்பியிருத்தல் ஆகாது. தானே புதுப்பிக்கும் ஏற்பாட்டைச் செய்துகொள்ள வேண்டும்.

கலப்பு முறைக்கே உரிய குறை ஒன்றும் உண்டு. கடிதம் ஒழுங்காகப் போய் வரும். ஆனால் பழைய சர்வரில் உள்ளவர், மேகத்தில் உள்ளவர் எந்த நேரத்தில் ஓய்வாக இருக்கிறார் என்பதை நாள்காட்டியில் பார்க்க முடியாது. இது பயனரின் குறையன்று. இரு வீடுகளுக்கும் இடையிலான நம்பிக்கை உறவின் குறை. பாதுகாப்பை முன்னிட்டு இவ்வுறவுக்கு ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனத் தனிச் செயலிப் பதிவு வைத்துக்கொள்ள வேண்டும் என்றும், 2025 அக்டோபர் 31-க்குப் பின் பழைய பொதுப் பதிவு இதற்கு உதவாது என்றும் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அவ்வறிவிப்பைக் கவனியாத இடங்களில் நாள்காட்டி இருண்டு போனால், முதலில் பார்க்க வேண்டியது இதுவே.

ஆராயும் ஒழுங்கு

கணக்கு வகுப்பில் விடை தவறினால் நாம் தாளைக் கிழித்துப் போடச் சொல்வதில்லை. எந்த வரியில் தவறியது என்று பார்க்கச் சொல்கிறோம். இங்கும் அம்முறையே ஏற்றது. கீழ்க்கண்ட ஒழுங்கைக் கையாளலாம்.

1. ஒருவர்க்கு மட்டுமா, எல்லார்க்குமா என்று கேட்க. எல்லார்க்கும் எனின் சர்வர், சான்றிதழ், பாதை ஆகியவற்றை நோக்குக. மேகச் சேவையே தடைப்பட்டுள்ளதா என்பதையும் அதன் நிலைப் பக்கத்தில் காண்க.

2. ஒருவர்க்கு எனின், ஒரு கருவியிலா, எல்லாக் கருவிகளிலுமா என்று கேட்க. ஒரு கருவியில் மட்டும் எனின் கணக்கைத் தொடாது கருவியைச் சோதிக்க.

3. அவருடைய பெட்டி கட்டடத்தில் உள்ளதா, மேகத்தில் உள்ளதா என்பதைப் பதிவேட்டில் பார்த்து உறுதி செய்க. பயனரின் ஊகத்தையோ உதவியாளரின் ஊகத்தையோ கொள்ளற்க.

4. பெட்டி இருக்கும் இடத்துக்குரிய வலைப்பக்கத்தில் உலாவியின் வழியே நுழைந்து பார்க்க.

5. தோன்றிய செய்தியையும் எண்ணையும் நேரத்தையும் எழுதிக்கொள்க. அந்நேரத்தைக் கொண்டே காவலரின் குறிப்பேட்டைத் தேட முடியும்.

6. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக. இரண்டை மாற்றினால், சரியானாலும் எது சரிசெய்தது என்று தெரியாது.

செய்யத் தகாதனவும் உள. சோதனைக்கு என்று சொல்லி இரண்டாம் சான்றை நீக்குதல் கூடாது. நீக்கியதை மீண்டும் இடுவார் அரியர். சான்றிதழ் எச்சரிக்கையைப் படியாமல் கடந்து செல்லுதல் கூடாது. தொலைபேசியில் அழைத்து, “உங்கள் பெட்டியைச் சரிசெய்கிறோம், கடவுச்சொல்லைக் கூறுங்கள்” என்பவரிடம் கூறுதல் கூடாது; உண்மையான பொறுப்பாளருக்கு அது தேவையில்லை. பெட்டி திறவாத பதற்றத்தில் இருப்பவரையே வஞ்சகர் தேடுகின்றனர்.

கிராணியின் பெட்டி

மாணவி சொன்ன வினாக்களை ஒரு தாளில் எழுதிக் கிராணியிடம் கொடுத்தேன். மறுநாள் ஆறாம் தேதி காலையில் அவர் அவற்றைத் தம் நிறுவனத்துக் கணினிப் பிரிவினரிடம் தொலைபேசியில் ஒவ்வொன்றாக வாசித்தார். அவருடைய பெட்டி இன்னும் தலைமை அலுவலகச் சர்வரிலேயே இருக்கிறது என்பது முதல் வினாவிலேயே தெரிந்துவிட்டது. உதவி செய்தவர்கள் அது மேகத்துக்குப் போய்விட்டதாக எண்ணி இரண்டு நாளாக மேகத்தின் வாயிலில் தேடியிருக்கின்றனர். மேகத்துக் காவலர் அவரை உள்ளே விட்டதே கடவுச்சொல் சரியானது என்பதற்குச் சான்று. கட்டடத்துக் காவலர் இட்ட பூட்டு மேகத்துக்குச் செல்வதில்லை. ஆகவேதான் ஒரு வாயில் திறந்தும் மறுவாயில் மூடியும் இருந்தன.

பின்னர்க் கட்டடத்துக் காவலரின் குறிப்பேட்டைப் பார்த்தனர். கணக்குப் பூட்டப்பட்டதைக் குறிக்கும் 4740 என்னும் நிகழ்வு அங்கே பலமுறை பதிவாகியிருந்தது. அந்நேரங்களில் எக்ஸ்சேஞ்ச் சர்வரின் பதிவைத் தேடியபோது, கைப்பேசி ஒன்று இடைவிடாமல் தவறான சொல்லுடன் தட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. அது கிராணியின் பழைய கைப்பேசி! ஓராண்டுக்கு மேலாக அலமாரியில் கிடந்ததை, மூன்றாம் தேதியன்று அவர் மகன் பாடம் பார்ப்பதற்கு என்று எடுத்து மின்னேற்றியிருக்கிறான். பழைய அஞ்சல் கணக்கும் பழைய சொல்லும் அதனுள் அப்படியே இருந்தன. கடவுச்சொல் கேட்டு அடிக்கடி வந்த சிறு அறிவிப்பை அவன் தொல்லை என்று தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தான்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. அண்மையில் மாற்றிய கடவுச்சொல்லுக்கு முந்திய இரண்டில் ஒன்றை ஒருவர் தவறி எழுதினால், கட்டடத்துக் காவலர் அதைப் பிழைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பழக்கத்தால் நேர்ந்தது என்று பொறுத்துக்கொள்வார். இந்தக் கைப்பேசியில் இருந்ததோ அவற்றினும் பழைய சொல். அதனால் ஒவ்வொரு தட்டலும் பிழையாக எண்ணப்பட்டது. நூறு முறை புதிய சொல் கொடுத்திருந்தாலும் நிலைமை மாறியிராது.

கைப்பேசியிலிருந்து அக்கணக்கை நீக்கினர், பூட்டை மட்டும் திறந்தனர், கடவுச்சொல்லைத் தொடவில்லை. அன்று பிற்பகலிலேயே பட்டியல் வட்டார அலுவலகத்துக்குப் போயிற்று. ஏழாம் தேதி தோட்டத்து மக்களுக்குச் சம்பளம் வந்தது. அவர்களில் எவர்க்கும் இக்கதை தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

பையன் இரண்டு நாள் என் கண்ணில் படாமல் ஒதுங்கியே நடந்தான். அழைத்துத் தட்டிக்கொடுத்தேன். பாடம் படிக்கக் கருவி தேடிய பிள்ளைமேல் என்ன குற்றம்? கருவியைக் கைமாற்றுமுன் கணக்கை நீக்க வேண்டும் என்பதை அவன் தந்தைக்கும் எவரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்கள், அவருக்குக் கணினி தெரியாது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தனர்.

பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் மொழி. பெட்டி திறவாதபோது பயனரை ஏசுவதற்கும் கடவுச்சொல்லை மாற்றுவதற்கும் முன் மூன்று வினாக்களைக் கேட்போமாக. ஐந்து நிமிடம் செலவாகும். ஒரு மனிதர் தம் முப்பது ஆண்டு உழைப்பின்மேல் கொண்டிருக்கும் மதிப்பை அந்த ஐந்து நிமிடம் காப்பாற்றும். கிராணி அத்தாளை இன்னும் வைத்திருக்கிறார். தம் மேசைக் கண்ணாடியின்கீழ்ச் சம்பள நாட்காட்டிக்குப் பக்கத்தில் செருகியிருக்கிறார்.